நோய்த்தணிப்புப் பராமரிப்பில் தொழில்வழிச் சிகிச்சை: திருகோணமலைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளினிக் வாசலில், வாட்டில் கட்டில் பக்கத்தில், வீட்டு விறாந்தையில் என்று எங்கே போனாலும் குடும்பத்தார் தொழில்வழிச் சிகிச்சையாளரான என்னிடம் கேட்பது அநேகமாக இவைதான். கேட்டவர்களின் வாயில் வந்த மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. உங்கள் வீட்டு நோயாளியைப் பார்க்கும் டொக்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

"இனி ஒண்டும் செய்யேலாது எண்டு கொழும்பில சொல்லிட்டாங்க. பிறகு எதுக்குத் தெரப்பி?"

நோயை முழுதாக மாற்ற இனி வழியில்லை என்பதைத்தான் அவர்கள் சொன்னார்கள். ஆள் இருக்கிறார். காலையில் எழும்புகிறார், பல் தீட்ட வேண்டும், கக்கூசுக்குப் போக வேண்டும், பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் விறாந்தையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அதில் எது முடியும், முடியாததை எப்படி மாற்றிச் செய்யலாம், வீட்டில் எதை எங்கே நகர்த்தி வைக்கலாம் என்று பார்ப்பது எங்கள் வேலை. வலிக்கும் வாந்திக்கும் டொக்டர் மருந்து தருவார். அந்த மருந்தால் கிடைக்கிற நல்ல நேரத்தை என்ன செய்வது என்பதில் நாங்கள் வருகிறோம்.

நோய்த்தணிப்பு என்றால் கடைசிக் கிழமை என்று நினைத்துவிடாதீர்கள். கீமோ நடக்கும்போதே, கதிர்ச் சிகிச்சைக்குப் போய்வரும்போதே தொடங்கலாம். முந்தி வந்தால் நோயாளியே தனக்கு என்ன வேண்டும் என்று சொல்வார். பிந்தி வந்தால் அவருக்காக நாங்கள் ஊகிக்க வேண்டியிருக்கும்.

"பிசியோவும் நீங்களும் ஒண்டுதானே?"

சேர்ந்து வேலை செய்கிறோம், பார்வை கொஞ்சம் வேறு. கால் தசைக்குப் பலம், மூட்டு அசைவு, நெஞ்சுச் சளி என்று பிசியோ பார்ப்பார். அந்தக் கால் கக்கூஸ் வரை போய்த் திரும்புமா, போனால் குந்தி எழும்ப முடியுமா என்று நான் பார்ப்பேன். விழுங்கும்போது புரையேறினால் இரண்டு பேரும் அல்ல, பேச்சுச் சிகிச்சையாளரைக் கேட்க வேண்டும்.

"கான்சர் ஆக்களுக்கு மட்டுமா இது?"

இல்லை. இருதயம் பலவீனமானவர்கள், நாட்பட்ட நுரையீரல் நோய், சிறுநீரகம் அல்லது ஈரல் பழுதானவர்கள், பாரிசவாதம் கடுமையாக வந்தவர்கள், மறதி நோய்க்காரர் எல்லாருக்கும் உரியது.

"திருகோணமலையில எங்க போய்க் கேக்கிறது? காசு எவ்வளவு?"

அரச வைத்தியசாலையில் காசு இல்லை. நீங்கள் கிளினிக் பார்க்கும் டொக்டரிடமே, "வீட்டில் பராமரிக்கிறோம், ஓ.டி.க்கு ஒரு துண்டு தாருங்கள்" என்று கேளுங்கள். ஓ.டி. என்றால் தொழில்வழிச் சிகிச்சை. வாட்டில் இருந்தால், துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவதற்கு முதலே கேட்பது நல்லது. கட்டிலில் இருந்து கதிரைக்கு மாற்றுவதை அங்கேயே பழகிக்கொண்டு போகலாம். கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்து ஆட்கள் முதலில் தங்கள் ஆதார வைத்தியசாலையில் விசாரியுங்கள். அங்கே ஆள் இல்லாவிட்டால் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்கலாம். நோயாளியை ஓட்டோவில் குலுக்கிக்கொண்டு வர வேண்டும் என்றில்லை. கிளினிக் கொப்பியோடு கவனிக்கிறவர் வந்தால் போதும். வரும்போது கட்டில், கக்கூஸ், கிணற்றடி, வாசல் படி எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வாருங்கள். வாயால் விளக்குவதை விட அது எனக்கு உதவும்.

சக்கர நாற்காலி, கொமோட் கதிரை போன்றவற்றுக்குப் பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். கிராம சேவகரின் கடிதமும் வைத்தியச் சான்றும் தயாராக வைத்திருங்கள். வர நாள் எடுக்கலாம். அதுவரை கோவில், பள்ளிவாசல், ஊர்ச் சங்கங்களில் இரவலுக்கு இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"அம்மாவை ஒரு வேலையும் செய்ய விடாமத்தான் வச்சிருக்கிறம். சரிதானே?"

கேட்கிற எல்லாருமே பாசத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் சரியில்லை என்றுதான் சொல்வேன். நாற்பது வருசம் குசினியை ஆண்ட ஒருவரை, "நீங்க பேசாமப் படுங்கோ" என்று ஒரே நாளில் அறைக்குள் அனுப்பினால் அவருக்கு மிஞ்சுவது நோயாளி என்ற பெயர் மட்டும். படுத்தே இருந்தால் தசை கரையும், மலச்சிக்கல் வரும், பசி போகும், இரவில் தூக்கம் வராது. அதைவிடப் பெரிது, "நான் இனி யாருக்கும் தேவையில்லை" என்ற எண்ணம்.

உப்புவெளிப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்தது. மார்பகப் புற்றுநோய், ஒரு கை வீங்கிப் பாரமாகத் தொங்கும். அம்மாவைக் கதிரையில் இருத்தி, வீங்கிய கையைத் தலகணியில் ஏற்றி, மடியில் சுளகை வைத்துச் சின்ன வெங்காயம் கொடுத்தோம். நுனியையும் அடியையும் மகள் முதலே வெட்டி, வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார். அம்மா நல்ல கையால் தோலை உருட்டி எடுத்தால் போதும், கத்தி பிடிக்கத் தேவையில்லை. பத்து வெங்காயத்துக்கு அரை மணித்தியாலம் போனது. முடிந்ததும் கேட்டார்: "புளி ஊறப்போட்டியா?" மகள் போடவில்லை. ஏச்சு விழுந்தது. கனநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் அம்மாவிடம் ஒருத்தி ஏச்சு வாங்கினாள்.

வேலையை முழுதாகக் கொடுக்க வேண்டாம், முழுதாகப் பறிக்கவும் வேண்டாம். தேங்காய் துருவ முடியாதவர் உப்புப் பார்த்துச் சொல்லலாம். கடலுக்குப் போன மனுசன் வலையின் ஒரு துண்டை மடியில் வைத்துப் பொத்தலாம், அதுவும் ஏலாவிட்டால் பேரனுக்கு முடிச்சுப் போடக் காட்டிக் கொடுக்கலாம். ஒன்று மட்டும்: அவர் உரித்த வெங்காயத்தை அவர் கண்முன்னால் திரும்ப உரிக்காதீர்கள்.

"நாள் முழுக்கப் படுத்தாலும் களைப்புப் போகுதில்லையே?"

இந்தக் களைப்பு வேலை செய்து வருகிற களைப்பு அல்ல, ஆகவே படுத்தால் மட்டும் தீராது. முதலில் டொக்டரிடம் சொல்லுங்கள். இரத்தம் குறைவு, கிருமித் தொற்று, நித்திரை இல்லாமை என்று மாற்றக்கூடிய காரணம் இருக்கலாம்.

மிச்சத்துக்கு எங்கள் முறை இது. இரண்டு மூன்று நாளைக்கு எந்த நேரம் தெம்பு, எந்த நேரம் சோர்வு என்று கொப்பியில் குறியுங்கள். பலருக்குக் காலை பத்து மணிக்குள் ஒரு நல்ல நேரம் இருக்கும். அந்த நேரத்தை எதற்குக் கொடுப்பது என்று நோயாளியைத் தீர்மானிக்க விடுங்கள். குளிப்பதற்கே எல்லாம் செலவானால் மகனோடு போனில் கதைக்கத் தெம்பு இருக்காது. அப்படியென்றால் குளிப்பை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, மற்ற நாளில் உடம்பைத் துடைத்துவிடலாம். நின்று செய்வதை இருந்து செய்யுங்கள். களைத்த பிறகு அல்ல, களைக்க முதலே ஓய்வு கொடுங்கள். இன்று நல்லாயிருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் அடுத்த இரண்டு நாளும் கட்டிலில்தான்.

"ரெண்டு அடி வைக்க முதலே மூச்சு வாங்குது. ஒட்சிசன் வச்சாத்தானே சரி?"

இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்திருந்தால் அது உதவும். குறையாமலே மூச்சு முட்டுகிற உணர்வு வரலாம். அதற்கு ஒரு சின்னக் கை விசிறி, பற்றரியில் ஓடுவது, நல்ல பலன் தரும். முகத்தில் இருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மூக்கும் மேலுதடும் குளிரும்படி சில நிமிடம் காட்டுங்கள். பனையோலை விசிறியும் சரிதான், வீசுகிறவருக்குத்தான் கை உளையும். கதிரையில் முன்னுக்குச் சாய்ந்து, மேசையில் தலகணி போட்டு முழங்கை ஊன்றினால் மூச்சு இலகுவாகும். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, ஊதுகிற மாதிரி மெல்ல விடச் சொல்லுங்கள். முட்டு வருகிற நேரத்தில் பழக்கினால் ஏறாது. நன்றாக இருக்கும்போதே பழக்குங்கள். சுற்றி நின்று எல்லாரும் கதைப்பதை நிறுத்தினாலே பாதி குறையும்.

வீட்டில் ஒட்சிசன் இருந்தால் அந்த அறையில் சிகரெட், சாமி விளக்கு, கற்பூரம், சாம்பிராணி, நுளம்புத்திரி ஒன்றும் வேண்டாம். சாமிப்படத்தை வேறு அறைக்கு மாற்றுங்கள், அல்லது பற்றரி விளக்கு வையுங்கள்.

"கிணத்தடியில வார்த்துத்தான் பழக்கம். கக்கூசும் குந்துற கக்கூஸ். என்ன செய்ய?"

கிணற்றடி வழுக்கும், ஆனால் அங்கே குளிப்பதில் ஒரு சந்தோசம் இருக்கிறது, அதை உடனே நிறுத்தச் சொல்லமாட்டேன். பாசியை உரஞ்சிக் கழுவி, றபர் விரிப்புப் போட்டு, கைபிடியுள்ள பாரமான கதிரையைச் சுவரோடு அணைத்து வையுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் கதிரையின் கால் ஈரச் சீமெந்தில் விரிந்து போகும். தண்ணீரை வாளியில் பிடித்து வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து, சின்னக் கோப்பையால் காலில் தொடங்கி மேலே வார்த்துவிடுங்கள். துவாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முதுகை நீங்கள் தேய்க்கலாம், முகத்தை அவரே கழுவட்டும்.

குந்துகிற கக்கூசுக்கு மேல் வைக்கிற இரும்புக் கொமோட் கதிரை மருந்துச் சாமான் கடைகளில் கிடைக்கும். இரவில் அதையே கட்டில் பக்கத்தில் பாத்திரத்தோடு வைக்கலாம். பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் ஓட்டை வெட்டிப் பாவிக்கிறவர்கள் உண்டு. வெட்டினால் பலம் போய்விடும், பிளந்தால் தொடையில் கிழிக்கும். வேண்டாம். விழுகிறவர்களில் பலர் இரவில் கக்கூசுக்குப் போகிற வழியில்தான் விழுகிறார்கள். ஒரு சின்ன லைட் எரியட்டும், சாரத்தையும் நைட்டியையும் கணுக்காலுக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள், எழும்பியவுடன் நடக்காமல் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் இருக்கச் சொல்லுங்கள்.

"அப்பா பாயிலதான் படுப்பார். கட்டில் கட்டாயமா? காத்து மெத்தை வாங்கவா?"

தானே எழும்ப முடிகிற வரை பாயும் சரி. எழுப்ப ஆள் வேண்டும் என்ற நாள் வந்தால் கட்டில்தான், இல்லாவிட்டால் உங்கள் நாரி போய்விடும். கட்டில் ஓரத்தில் இருக்கும்போது இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும், இடுப்பு முழங்காலை விடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். அதுதான் அளவு.

படுக்கைப் புண் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வந்தபிறகு ஆற்றுவது கடினம். தானே புரள முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதடவை திருப்புங்கள். நல்ல மெத்தை இருந்தால் இடைவெளியைக் கூட்டலாமா என்று தாதி மிஸ்ஸிடம் கேளுங்கள். முழுதாகப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் இடுப்பெலும்பு அழுத்தும், முதுகுக்குத் தலகணி கொடுத்துப் பாதிச் சரிவாக வையுங்கள். முழங்கால்களுக்கு இடையில் ஒன்று, கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று, குதிக்கால் மெத்தையில் தொடாதபடி. புத்தகங்களில் தோல் சிவந்தால் கவனி என்று இருக்கும். நம்முடைய நிறத்தில் சிவப்புத் தெரியாது. கருத்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, கட்டியாக இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தை எண்ணெய் போட்டு உரஞ்சக் கூடாது. நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலகணியும் வேண்டாம், அதன் விளிம்பு இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

காற்று மெத்தை நல்லது, ஆனால் திருப்புகிற வேலையை அது முழுதாகக் குறைக்காது. கரண்ட் போனால் காற்று இறங்கும், ஆகவே கீழே சாதாரண பஞ்சு மெத்தையும் இருக்க வேண்டும். இங்கத்தைய வெக்கைக்கு றெக்சின் விரிப்பில் நேரே படுத்தால் வியர்த்து ஊறும், மேலே பருத்தித் துணி விரியுங்கள்.

"தூக்கித் தூக்கி என்ட நாரி போச்சு. வேற வழி இல்லையா?"

தூக்காதீர்கள் என்பதுதான் முதல் பாடம். பழைய பருத்திச் சேலையை மடித்துத் தோளில் இருந்து தொடை வரை வரும்படி கீழே விரித்து, இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துத் தலைமாட்டுப் பக்கம் வழுக்கி நகர்த்துங்கள். கட்டிலில் இருந்து எழுப்ப, முதலில் ஒரு பக்கம் திருப்பி, கால்களைக் கீழே விட்டு, பிறகு தோளை உயர்த்துங்கள். கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்து இழுப்பதை நிறுத்துங்கள், தோள்மூட்டு கழன்றுவிடும். எலும்பில் நோய் பரவியிருந்தால் கையைப் பிடித்து இழுப்பதே முறிவில் முடியலாம்.

அப்புறம் உங்களைப் பற்றி. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தும் ஒரு மகள் மட்டும் இரவும் பகலும் பார்ப்பதைத்தான் அதிகம் காண்கிறேன். மற்றவர்கள் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பினால் அந்தக் காசில் கிழமைக்கு இரண்டு இரவாவது ஆள் வைத்து நீங்கள் தூங்குங்கள். அது நோயாளிக்குச் செய்கிற செலவுதான்.

"வாப்பா உழூ செய்யேலாம அழுறார். தொழாம இருக்கவும் மாட்டேங்கிறார்."

உழூ என்பது தொழுகைக்கு முதல் கை, முகம், கால் கழுவுவது. இது மார்க்க விசயம் மட்டுமல்ல, என் வேலையும்தான். கதிரையிலோ கட்டிலிலோ இருந்து, ஏலாவிட்டால் படுத்தபடியும் தொழலாம். தண்ணீர் பாவிக்க முடியாதபோது சுத்தமான மண்ணால் தயம்மும் செய்யவும் இடமுண்டு. அவருடைய நிலைக்கு எது என்று உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். அவர் வீட்டுக்கு வந்து வாப்பாவுக்கே சொன்னால் மனம் ஆறும். நான் பார்ப்பது மற்றப் பாதி: மடியில் தட்டு, கொஞ்சமாக வார்க்கச் சின்னக் குவளை, கிப்லாப் பக்கம் திரும்பும்படி கட்டில், சுபஹுக்கு முதல் வலி மருந்து வேலை செய்யும்படி டொக்டரோடு பேசிய நேரம். களைப்புக் கேள்வியில் சொன்ன நல்ல நேரத்தை அவர் தொழுகைக்குக் கொடுத்தால் கொடுக்கட்டும்.

"மோபின் குடுத்தா மயங்கிக் கிடப்பாரே. வலியோட அசைக்கவும் பயமா இருக்கு."

மோபின் கடும் வலிக்குத் தருகிற மருந்து. தொடங்கிய முதல் சில நாள் தூக்கம் வரும், பெரும்பாலும் பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் போகாது, அதற்கான மருந்தையும் சேர்த்துக் கேளுங்கள். வலி குறைந்தால்தான் ஆள் எழும்பி இருப்பார், ஆகவே மோபினை நான் எதிரியாகப் பார்ப்பதில்லை. உடனே வேலை செய்கிற வகை என்றால் கொடுத்து அரை மணியில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் குளிக்க வார்க்கவும், உடுப்பு மாற்றவும் வசதி. தூக்கம் அளவுக்கு மீறினால், எழுப்ப முடியாவிட்டால் உடனே டொக்டரிடம் சொல்லுங்கள்.

புற்றுநோய் உள்ளவருக்குப் புதிதாக முதுகுவலி வந்து, கால் பலமிழந்தோ மரத்தோ போனால், சிறுநீர் போகாமல் அடைத்தால், தெரப்பிக்குக் காத்திருக்க வேண்டாம். முள்ளந்தண்டு நரம்பு நசுங்குகிறதாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரி, 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

"ராத்திரியில எழும்பி 'வீட்ட போவம்' எண்டுறார். வீட்டிலதானே இருக்கிறார்?"

இரண்டொரு நாளில் திடீரென்று வந்த குழப்பம் என்றால் காரணம் தேட வேண்டும்: கிருமி, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், மருந்து, தண்ணீர் போதாமை. டொக்டரிடம் சொல்லுங்கள். அதற்கிடையில் வாதாடாதீர்கள். கண்ணாடியும் காது மிசினும் போட்டிருக்கட்டும், எதிரே பெரிய மணிக்கூடும் கலண்டரும், பகலில் யன்னல் திறந்தும், இரவில் மங்கலான லைட்டும். கட்டிலைத் திசை மாற்றிப் போட்டிருந்தால் பழையபடி போடுங்கள். பெயரைச் சொல்லிப் பழகிய குரலில் பேசுங்கள்.

"ஒருக்கா கோணேசர் கோவிலுக்குப் போகணும் எண்டு கேக்கிறா. வழியில ஏதும் நடந்தா?"

பல வீடுகளில் இதற்கு உடனே "சுகமானதும் போவம்" என்ற பதில் வருகிறது. அது நடக்காது என்று கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். நான் முதலில் கேட்பது, கோவிலில் எது வேண்டும் என்று. சிலருக்கு மூலஸ்தானத்தைப் பார்க்க வேண்டும். சிலருக்கு அந்தக் கடற்காற்று. கோவிலுக்குப் போகிற வழியில் கோட்டைக்குள் மான் நிற்கும், சின்ன வயதில் அப்பா காட்டியது, சிலருக்கு அது போதும். ஒவ்வொன்றுக்கும் ஏற்பாடு வேறு.

உள்ளே போகத்தான் வேண்டும் என்றால்: டொக்டரிடம் கேளுங்கள், கூட்டம் உள்ள நாளைத் தவிருங்கள், வெயில் ஏற முதல் காலையில் போங்கள். கோட்டைக்குள்ளால் வாகனம் போகும், ஆனால் கடைகளைத் தாண்டிப் படியேற வேண்டியிருக்கும், ஆகவே சக்கர நாற்காலியைப் பிடிக்கப் பலமான இரண்டு பேர் வேண்டும். முந்தின நாள் வேறு வேலை ஒன்றும் வேண்டாம். வலி மருந்து, கை விசிறி, தண்ணீர், மாற்றுடுப்பு, கிளினிக் கொப்பி பையில் இருக்கட்டும். கீமோவால் பாதம் மரத்திருந்தால் சூடான கல்லில் வெறுங்காலோடு வைக்காதீர்கள். சுடுவது தெரியாது, கொப்பளித்த பிறகுதான் காண்பீர்கள். படி ஏலாது என்றால் டச்பே கடற்கரை ஓரம் வாகனத்தை நிறுத்தினால் கோவில் இருக்கிற சுவாமி மலை தெரியும். பத்திரகாளி அம்மன் கோவில் வாசலிலும் ஏற்றம் இல்லை.

வழியில் ஏதும் நடந்தால்? நடக்கலாம். வீட்டிலும் நடக்கலாம். அப்படி நடந்தால் யாருக்கு அடிப்பது, எங்கே கொண்டுபோவது என்று வெளிக்கிட முதலே பேசி முடிவெடுத்துவிட்டால் பயம் குறையும்.

"அவருக்கு வருத்தம் என்னெண்டு தெரியாது. உங்கள்ட்ட கேட்டா என்ன சொல்லுவியள்?"

பொய் சொல்லமாட்டேன். போய் உடைக்கவும் மாட்டேன், நோய் விவரம் சொல்ல வேண்டியவர் டொக்டர். "ஏன் கேட்கிறீர்கள், உங்களுக்கு என்ன நினைப்பு?" என்று திருப்பிக் கேட்பேன். அநேகமாக அவருக்கே தெரிந்திருக்கும், உங்களைக் கவலைப்படுத்தக் கூடாது என்று அவரும் மறைத்துக்கொண்டிருப்பார். உறுதி எழுத வேண்டும், மூத்தவனிடம் ஒரு விசயம் சொல்ல வேண்டும், கடன் கணக்கு முடிக்க வேண்டும் என்று அவரிடமும் வேலை இருக்கும். அதைச் செய்ய அவருக்கு நேரம் தெரிய வேண்டும். என் அபிப்பிராயம், மறைப்பதால் பறிபோவது அந்த நேரம்தான். டொக்டரோடு குடும்பமாக இருந்து பேச ஒரு நாள் கேளுங்கள்.

"இப்ப கண்ணே திறக்கிறதில்ல. இனி உங்களுக்கு என்ன வேலை இருக்கு?"

குறைவுதான், ஆனால் இருக்கிறது. எந்தப் பக்கம் சரித்தால் முகம் சுளிக்காமல் இருக்கிறார், தலைமாட்டை எவ்வளவு உயர்த்தினால் தொண்டைக் கரகரப்புக் குறைகிறது, விரல்கள் இறுகிப் போனால் உள்ளங்கையில் சுருட்டிய துணி வைப்பது என்று. விழுங்காதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனையுங்கள். பேரப்பிள்ளைகளை அறைக்கு வெளியே நிறுத்தி வைக்கத் தேவையில்லை, கை பிடிக்க விரும்பினால் பிடிக்கட்டும். அவர் தினமும் கேட்ட தேவாரமோ கிறாஅத்தோ செபமாலையோ மெல்லிய சத்தத்தில் போகட்டும். காது கேட்கலாம் என்றே நினைத்துப் பேசுங்கள், பக்கத்தில் நின்று செத்தவீட்டுச் செலவைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

"ஆள் போன பிறகு இந்தக் கட்டில், கொமோட், மருந்து எல்லாம் என்ன செய்யிறது?"

அவசரமில்லை. முப்பத்தொன்றோ நாற்பதோ முடிந்த பிறகு பார்க்கலாம். மோபின் மட்டும் விதிவிலக்கு. மிஞ்சியதை எண்ணிப் பார்த்து, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, கிடைத்த வைத்தியசாலையிலேயே திருப்பிக் கொடுங்கள். இன்னொருவருக்கு வலி என்று உங்கள் கையால் கொடுக்காதீர்கள். கொமோட்டையும் சக்கர நாற்காலியையும் சவர்க்காரத்தால் கழுவி, குளோரின் கரைசலால் துடைத்து, வெயிலில் காயவைத்து, இரவல் தந்த இடத்தில் சேருங்கள். சொந்தமாக வாங்கியது என்றால் எனக்கோ வாட்டு மிஸ்ஸுக்கோ ஒரு சொல் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருக்கிற வீடு எப்போதும் ஒன்று இருக்கும்.